துயிலிழந்த ஈயும் அதனைப் பற்றும் உண்ணியும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்குக் கோடியிலும் அதனை அடுத்த மெக்ஸிகோ நாட்டிலும் பரந்து கிடக்கும் சொனோரா பாலைவனத்தில், சகுவாரோ என்னும் கள்ளி, நம் ஊர்ச் சப்பாத்திக் கள்ளியைப் போல் தாழ்ந்து படராமல், தூண்போல் நாற்பது அடி உயரம் வரையிலும் நிமிர்ந்து வளர்கிறது. அதன் உடலில் எங்கேனும் காயம் ஏற்பட்டு, அக்காயத்தின் வழியே கிருமிகள் புகுந்து, உள்ளிருக்கும் சதை அழுகத் தொடங்குமானால், அந்த அழுகலின் வாடையை உணர்ந்து ஒருவகைப் பழ ஈக்கள் கூட்டங்கூட்டமாக அங்கே வந்து சேர்கின்றன. டிரோசோபிலா நைக்ரோஸ்பைரகுலா என்பது அவற்றிற்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர். அவை உண்பதும் முட்டையிடுவதும், அவற்றின் புழுக்கள் வளர்வதும் எல்லாம் அந்த அழுகிய சதையிலேதான். அதே அழுகலில், கண்ணுக்கு ஒரு புள்ளியளவே தோன்றும் மாக்ரோகீலிஸ் என்னும் சிற்றுண்ணியும் வாழ்கிறது. மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் நாம் காணும் உண்ணிக்கு இது தூரத்து உறவு.

கள்ளியின் அழுகல் நாளடைவில் உலர்ந்து போகும். சிறகில்லாத சிற்றுண்ணி, அடுத்த கள்ளிக்குப் பாலைவனத்து மணலில் நடந்தே போய்ச் சேர்வது இயலாத காரியம். ஆகவே அது ஈயின் மேல் தாவி, அதன் வயிற்றுப் பகுதியில் தன் கொடுக்குப் போன்ற வாயுறுப்புகளை ஊன்றிப் பற்றிக்கொண்டு, ஈ எங்கே பறந்து செல்கிறதோ அங்கே தானும் செல்கிறது. பிரயாணத்தோடு அது நின்றுவிடுவதில்லை. வழியெல்லாம் ஈயின் குருதிநீரை உறிஞ்சிக்கொண்டே போகிறது. உண்ணி உதிர்ந்த பின்னும் அது பற்றியிருந்த இடத்தில் ஒரு கரிய தழும்பு எஞ்சுகிறது. அத்தழும்புகளைக் கொண்டு, ஓர் ஈ தன் வாழ்நாளில் உண்ணிக்கு ஆட்பட்டதா என்பதை ஆராய்ச்சியாளர் பின்னர் அறிந்துகொள்கின்றனர். உண்ணி பற்றிய ஆண் ஈ, பற்றாத ஆண் ஈயைக் காட்டிலும் துணையைப் பெறுவது அரிது என்பதையும், பெண் ஈயின் முட்டைகள் குறைகின்றன என்பதையும் மிகல் போலாக் என்னும் அறிஞர் தம் நெடுநாள் ஆராய்ச்சியால் நிறுவியிருக்கிறார்.

இத்தகைய பகைக்கு எதிராக ஈயினிடம் இருக்கும் ஆயுதங்கள் எவை? ஓடில்லை, விஷமில்லை, கொடுக்கில்லை. உண்ணி காலைத் தொட்டவுடன் அந்தக் காலை வெடுக்கென்று உதறுவதும், அது உடலில் ஏறிவிட்டால் மற்றக் கால்களால் துடைத்துத் தள்ளுவதும், அதற்கும் அது அசையாவிடில் இருந்த இடத்தை விட்டுச் சட்டென்று எழும்பிப் பறந்துவிடுவதுமே அதன் தற்காப்பு முழுவதும். இந்தத் திறமையில் ஒரே இனத்து ஈக்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாடு தாய் தந்தையரிடமிருந்து மக்களுக்கு இறங்கி வருவது. எதிர்ப்பில் சிறந்த ஈக்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தபோது எதிர்ப்புத்திறன் உயர்ந்தது. ஆனால் அவ்வாறு உயர்ந்த வம்சங்கள் முட்டையிடுவதில் பின்தங்கின. போராடும் சக்தி இனாமாகக் கிடைப்பதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

காலின் உதறலும் சிறகின் எழுச்சியுமே ஒரு ஜீவனுக்குக் கோட்டையும் அகழியுமாக இருக்குமானால், அந்த ஜீவன் உறக்கமின்றிச் சோர்ந்து நிற்கும்போது அக்கோட்டையின் கதி என்னவாகும் என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. ஆனால் இக்கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய மற்றொரு சந்தேகம் உண்டு: ஈ உறங்குமா?

உறங்கும் என்று சொல்லும் துணிவு விஞ்ஞானத்துக்கு வந்து நெடுங்காலம் ஆகவில்லை. பாலூட்டிகளின் உறக்கத்தை மூளையின் மின்னலைகளைக் கொண்டு அளந்து பழகியவர்களுக்கு, கடுகளவு மூளையும் இல்லாத ஒரு பூச்சி அசையாமல் இருப்பதை உறக்கம் என்று அழைக்க மனம் ஒப்பவில்லை. 1983ஆம் ஆண்டை ஒட்டி, கரப்பான்பூச்சியின் ஓய்வை ஐரீன் டோப்ளரும், தேனீயின் இரவு நிலையை வால்டர் கைசரும் ஆராய்ந்து, இவை வெறும் அசைவின்மை அல்ல என்று காட்டினர். பின்னர் 2000ஆம் ஆண்டில், அமெரிக்காவில் தனித்தனியே பணிபுரிந்த இரண்டு குழுக்கள், சோதனைச்சாலைகளின் நெடுநாள் விருந்தாளியாகிய சாதாரணப் பழ ஈ உறங்குகிறது என்பதை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பித்தன. அசையாதிருக்கும் ஈயை எழுப்ப, விழித்திருக்கும் ஈக்குத் தேவைப்படுவதைவிட வலிய அதிர்ச்சி வேண்டியிருந்தது. இரவில் உறங்கவிடாமல் தடுத்தால், மறுநாள் பகலில் அது அந்தக் கடனை உறங்கித் தீர்த்தது. காப்பியில் உள்ள காஃபீன் அதன் உறக்கத்தைக் கெடுத்தது. நமக்குத் தூக்கம் வரவழைக்கும் ஒவ்வாமை மருந்து அதற்கும் தூக்கம் வரவழைத்தது. ஐந்து நிமிஷம் தொடர்ந்து அசையாதிருந்தால் ஈ உறங்குகிறது என்று கொள்ளும் வழக்கம் அதன்பின் நிலைபெற்றது. ஒரு கண்ணாடிக் குழாயில் ஓர் ஈயை விட்டு, குழாயின் நடுவே கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர் ஒன்றைப் பாய்ச்சி, ஈ அக்கதிரைக் கடக்கும் தடவைகளை எண்ணி வந்தால், இரவின் நீண்ட துயிலும் நண்பகலின் குறுந்துயிலும் கணக்கேட்டில் பதிவதுபோல் பதிந்துவிடுகின்றன.

இவ்வாறு ஈயின் உறக்கம் அளக்கத்தக்க பொருளாக ஆன பிறகுதான் நம் கேள்விக்கு வழி திறந்தது. அண்மை ஆண்டுகளில், சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில், உண்ணியின் ஒட்டுவாழ்வை ஆராய்ந்து வந்த போலாக்கும், பூச்சிகளின் உடற்செயலை ஆராய்ந்து வந்த ஜோஷுவா பென்வாவும் சேர்ந்து இந்த இரண்டு துறைகளையும் ஒன்றாக இணைத்தனர். உறக்கம் பறிக்கப்பட்ட ஈக்கள், உறங்கிய ஈக்களைக் காட்டிலும் எளிதாக உண்ணிக்கு இரையாயின என்பதே அதனால் வெளிப்பட்ட செய்தி. கேட்டவுடன் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று தோன்றலாம். களைத்த காவற்காரனைக் கள்ளன் ஏமாற்றுவது யாருக்குத்தான் தெரியாது? ஆனால் உறக்கத்தின் பயனைப் பற்றி இதுவரை நடந்த விவாதங்களில் பெரும்பகுதி மூளையைப் பற்றியதாகவும், நினைவைப் பற்றியதாகவும், உடலுக்குள் புகுந்த கிருமியைப் பற்றியதாகவுமே இருந்து வந்திருக்கிறது. தோலுக்கு வெளியே நின்று பற்றக் காத்திருக்கும் பகைவனுக்கு எதிரான படைபலமும் உறக்கத்தில்தான் திரட்டப்படுகிறது என்பது, உறக்கத்தைப் பற்றிய நம் கருத்தையே சற்று இடம்பெயர்த்து வைக்கும் உண்மை. அதன் முக்கியத்துவம் அங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இதன் காரணத்தைத் தேடினால், முதலில் நம் கண்ணில் படுவது சக்தியின் செலவு. கனடா நாட்டு ஆல்பெர்ட்டாப் பல்கலைக்கழகத்தில் லியென் லுவாங் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய மாணவர்களும், ஈக்களின் சுவாசத்தை அளந்து, உண்ணிகளுக்கு அருகே வைக்கப்பட்ட ஈக்கள், பிற ஈக்களைவிட மிகுதியாகச் சுவாசித்துச் சக்தியைச் செலவழிக்கின்றன என்று 2017இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் அவர்கள் கண்டது இன்னும் வியப்புக்குரியது. உண்ணி ஒருமுறையேனும் பற்றாமல், அது அருகில் இருக்கிறது என்ற நிலை மட்டுமே ஏற்பட்டாலும், ஈயின் ஆயுளும் சந்ததியும் குறைந்தன. பகைவன் வாசலில் நிற்கிறான் என்று அறிந்து இரவு முழுவதும் கண்விழித்திருக்கும் குடும்பத்தின் நிலைதான் இது; கள்ளன் உள்ளே நுழையவில்லை, ஆயினும் வீட்டார் மெலிந்துவிட்டனர். இத்தகைய ஈ அமைதியாக உறங்கவும் இயலாது என்று கருதுவது பொருந்துமானால், உண்ணியின் அண்மை உறக்கத்தைக் கெடுக்க, கெட்ட உறக்கம் எதிர்ப்பைக் குறைக்க, குறைந்த எதிர்ப்பு உண்ணிக்கு வாயிலைத் திறந்துவிட, ஒரு துன்பச் சுழல் அங்கே உருவாகிவிடுகிறது.

உறக்கமின்மையும் தன் பங்குக்குச் சக்தியை விரயமாக்குகிறது. பசிபிக் தீவுகளைச் சார்ந்த ஒருவகைக் கரப்பான்பூச்சியை நெடுநாள் ஓய்வெடுக்கவிடாமல் தடுத்தபோது, அதன் பிராணவாயுச் செலவு உயர்ந்ததையும், பின்னர் அப்பூச்சிகள் மடியத் தொடங்கியதையும் டொரான்டோப் பல்கலைக்கழகத்தார் 2007இல் கண்டனர். அதற்கும் மேலான விளக்கம் 2020இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் டிரகானா ரோகுல்யாவின் குழுவினரிடமிருந்து வந்தது. உறக்கமிழந்த ஈக்கள் அற்ப ஆயுளில் மடிவதற்குக் காரணத்தை எல்லாரும் மூளையில் தேட, அவர்களோ குடலில் கண்டனர். உறக்கமின்றிக் கழியும் நாட்களில், பிராணவாயுவிலிருந்து பிறந்து திசுக்களை அரிக்கும் தீவிரப் பொருள்கள் குடலிலே குவிகின்றன. அவற்றை நடுநிலையாக்கும் மருந்தைக் கொடுத்தபோது, உறங்காத ஈக்களும் உறங்கிய ஈக்களின் ஆயுளை எட்டின. உறக்கத்தை மூளையின் தனிச்சொத்து என்று கருதியிருந்தவர்களுக்கு இது ஒரு பெரிய திருப்பம்.

இங்கே நேர்மையாகச் சொல்லியாக வேண்டிய எதிர்ச்சாட்சியங்கள் இரண்டு இருக்கின்றன. முதலாவது, லண்டன் இம்பீரியல் கல்லூரியிலிருந்து 2019இல் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஈக்களைத் தனித்தனியே கண்காணித்த அக்குழுவினர், பெண் ஈக்களுள் சில, நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமே உறங்குவதையும், அவற்றுள்ளும் ஓர் ஈ சராசரியாக 4 நிமிஷமே உறங்கி வாழ்ந்ததையும் பதிவு செய்தனர். உறக்கத்தின் பெரும்பகுதி உயிர் தரிப்பதற்கு இன்றியமையாதது அல்ல என்பது அவர்கள் முடிவு. இம்முடிவை நான் மறுக்க முற்படவில்லை. ஆனால் சோதனைச்சாலையின் கண்ணாடிக் குழாயில் உணவு குறைவற இருக்கிறது. உண்ணி இல்லை, குளவி இல்லை, சிலந்தி இல்லை. பகையில்லாத நாட்டில் படையின் தேவை வெளிப்படாது. உறங்காமல் உயிரோடிருக்க முடியுமா என்பது ஒரு கேள்வி; உறங்காமல் பகையை வெல்ல முடியுமா என்பது அதனின்றும் வேறான கேள்வி.

இரண்டாவது சாட்சியம் இன்னும் நுட்பமானது. சற்று நின்று பார்க்கத் தக்கது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஜூலி வில்லியம்ஸும் அவருடன் பணிபுரிந்தோரும், பாக்டீரியக் கிருமியை உடலில் ஏற்றிக்கொண்ட ஈக்கள் வழக்கத்துக்கு மேல் உறங்குவதையும், அவ்வாறு மிகுதியாக உறங்கியவை மிகுதியாகப் பிழைப்பதையும் கண்டனர். பூச்சிகளின் நோயெதிர்ப்பை இயக்கும் ரெலிஷ் என்னும் புரதம் இந்த நோய்த்துயிலுக்கும் தேவையாக இருந்தது. இதுவரை எதிர்பார்த்ததே. ஆனால் 2014இல் அவர்கள் வெளியிட்ட மற்றொரு சோதனையில், கிருமியை ஏற்றுவதற்கு முன் சிறிது காலம் உறக்கம் தடுக்கப்பட்ட ஈக்கள், தடுக்கப்படாத ஈக்களைவிட அதிக நாள் உயிர் வாழ்ந்தன! அப்படியானால் உறக்கமிழப்பு நன்மை செய்ததா? காரணத்தை ஆராய்ந்தபோது விடை தெரிந்தது: உறக்கக் கடன் பட்டிருந்த ஈக்கள், கிருமி புகுந்த பின்னர் அந்தக் கடனையும் சேர்த்து நீண்ட நேரம் உறங்கின. எதிர்ப்பும் அவற்றில் முன்கூட்டியே கிளர்ந்தெழுந்திருந்தது. அவற்றைக் காத்தது விழிப்பன்று. விழிப்பின் பின் வந்த துயில்.

உண்ணியின் விஷயத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும்போது, உறக்கத்தின் காலமும் எதிரியின் சுபாவமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது விளங்குகிறது. உடலுக்குள் புகுந்துவிட்ட கிருமியோடு போரிடுவது கொழுப்புத் திசுவும், குருதியிலுள்ள அணுக்களும், கிருமியைக் கொல்லும் சிறு புரதங்களும். அவை ஈ படுத்துறங்கும்போதும் வேலை செய்யும், ஒருவேளை அப்போதே மிக நன்றாக வேலை செய்யும். ஆகையால் அங்கே பகை புகுந்த பின்னர் உறங்கினாலும் பயன் உண்டு. வெளியே நின்று பாயும் உண்ணியோடு போரிடுவதோ காலும் சிறகும்; அவை விழிப்பில் மட்டுமே போரிடுபவை. உண்ணி பற்றிய பிறகு உறங்கி என்ன பயன்? அங்கே உறக்கம் முன்னமே சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரே உறக்கம்தான், ஒரு பகைக்குப் பின்மருந்தாகவும், மற்றொரு பகைக்கு முன்கவசமாகவும் அமைகிறது. இவ்வேறுபாட்டை மறந்து, உறக்கமின்மை நோயெதிர்ப்பைக் குறைக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடுவது பாதி உண்மையே ஆகும்.

உறக்கமும் எதிர்ப்பும் எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு, அதே பென்சில்வேனியாவில் அமிதா சேகலின் ஆராய்ச்சிச்சாலையிலிருந்து 2019இல் வந்த ஒரு கண்டுபிடிப்பு சிறந்த எடுத்துக்காட்டு. ஈயை உறங்கச் செய்யும் மரபணுவைத் தேடிப் புறப்பட்ட அவர்களுக்குக் கிடைத்த மரபணுவுக்கு, ஜப்பானிய மொழியில் உறக்கத்தைக் குறிக்கும் நெமுரி என்ற சொல்லையே பெயராக இட்டனர். அம்மரபணு உண்டாக்கும் பொருள் என்னவென்று பார்த்தபோது, அது கிருமியைக் கொல்லும் புரதமாக இருந்தது! கிருமி புகுந்தபோதும் உறக்கம் தடுக்கப்பட்டபோதும் நெமுரி சுரக்கிறது. அது மிகுந்த ஈக்கள் மிகுதியாக உறங்கின, கிருமிக்கு ஆளானபோது நெடுநாள் பிழைத்தன. கிருமியைக் கொல்லும் கையே ஈயைத் தாலாட்டவும் செய்கிறது. இயற்கை இவ்விரண்டு தொழில்களையும் ஒரே பொருளிடம் ஒப்படைத்திருப்பதைப் போல, உறக்கத்தின் பழமையான பயன்களுள் உடற்காப்பும் ஒன்று என்ற கருத்துக்கு வலுவளிக்கும் செய்தி வேறொன்றை நான் அறியேன்.

இவ்வுண்மை பூச்சிகளோடு நிற்பதும் அன்று. பாலூட்டி இனங்கள் பலவற்றை ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, நீண்ட நேரம் உறங்கும் இனங்களில் வெள்ளை அணுக்கள் மிகுந்தும் ஒட்டுண்ணிகள் குறைந்தும் இருப்பதைக் காட்டியது. ஆனால் மானுக்கும் முயலுக்கும் உள்ள வேறுபாடுகள் ஆயிரம். அவற்றுள் உறக்கத்தை மட்டும் பிரித்தெடுத்து அதுவே காரணம் என்று சாதிப்பது கடினம். ஈயின் பெருமை இங்கேதான். ஒரே தாய்வழி வந்த ஈக்களில் பாதியை உறங்கவிட்டு, பாதியை எழுப்பிவைத்து, இரண்டையும் ஒரே உண்ணிக் கூட்டத்தின் நடுவே விட முடியும்.

தேனீயின் கதை தனியே எழுதத் தக்கது. சுருக்கமாகவேனும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இரை தேடிச் செல்லும் முதிய தேனீக்கள் இரவில் கூட்டின் ஓரங்களில் உறங்குகின்றன. பாரெட் கிளைன் என்பவர் தேனீக்களின் முதுகில் சிறு எஃகுத் துண்டுகளை ஒட்டி, கூட்டின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே காந்தங்களை அசைத்து, அந்தத் தேனீக்களை மட்டும் இரவெல்லாம் எழுப்பிக்கொண்டே இருந்தார். மறுநாள் அவை பூக்கள் இருக்கும் திசையைத் தோழியருக்கு அறிவிக்க ஆடும் நடனத்தில் திசைக் குறிப்பு பிசகியது என்று 2010இல் அவர் வெளியிட்டார். ஒரு தேனீயின் உறக்கம் கெட்டால், அது காட்டும் வழியை நம்பிப் பறக்கும் கூட்டமும் அலைக்கழிகிறது. நியோநிக்கோட்டினாய்டு வகைப் பூச்சிமருந்துகள் தேனீயின் உறக்கத்தைக் குலைப்பதும், இடைவிடாத வெளிச்சத்தில் வைக்கப்பட்ட தேனீக்கள் குறைவாக உறங்குவதும் இந்தச் சில ஆண்டுகளில் பரிசோதனையால் தெரிய வந்துள்ளன. இவற்றோடு, உலகெங்கும் மேற்கத்தியத் தேனீயின் கூடுகளை அழித்துவரும் வரோவா உண்ணியையும் சேர்த்து நினைக்கும்போது கவலை மிகுகிறது. அந்த உண்ணியின் பூர்வ விருந்தோம்பி, நம் நாட்டிலும் பெட்டிகளில் வளர்க்கப்படும் அடுக்குத்தேனீயின் இனமே. அடுக்குத்தேனீ தன் உடலையும் தன் தோழியின் உடலையும் துடைத்து உண்ணியைத் தள்ளிவிடும் திறத்தால், அதனோடு நெடுங்காலமாக வாழப் பழகிவிட்டது. அதுவும் காலின் வேலைதான்; விழிப்பின் வேலைதான்.

உறிஞ்சி உண்ணும் உயிரின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். ஏனெனில் ஒட்டி வாழும் உயிரும் உறங்குகிறது. பென்வாவின் குழுவைச் சேர்ந்த ஒலுவாசேயுன் அஜாயி முதலியோர், கொசுக்களுக்கும் உறக்கத்தை ஒத்த நிலை உண்டு என்பதை அவற்றின் கிடையையும் அசைவின்மையையும் கொண்டு நிறுவி, உறக்கம் தடுக்கப்பட்ட கொசுக்கள் மனிதன்மேல் வந்து அமர்வதிலும் இரத்தம் குடிப்பதிலும் பின்வாங்குவதை 2022இல் வெளியிட்டனர். துயிலிழந்த ஈயால் உண்ணியைத் தள்ள இயலவில்லை. துயிலிழந்த கொசுவோ கடிப்பதையும் ஒத்திவைத்து உறங்கப் போகிறது.

தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பெட்டியைத் தெருவிளக்கின் அடியிலோ, இரவெல்லாம் எரியும் வாசல் விளக்கின் எதிரிலோ வைக்காதீர்கள். அவ்வாறு வைத்திருந்தால், இன்று மாலையே அதை இருள் உள்ள இடத்துக்கு மாற்றிவிடுங்கள். விலங்கியல் கற்கும் மாணவர்களிடம் மற்றொரு வேண்டுகோள். பழ ஈ கனிந்த வாழைப்பழத்தை நாடித் தானே வரும். கண்ணாடிக் குழாயும் கடிகாரமும் எந்தக் கல்லூரியிலும் இருக்கும். ஐந்து நிமிஷம் அசையாத ஈ உறங்குகிறது என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டு, நீங்களே உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.